மேலே ஏறிப் போன கேப்டனை ஏன் திட்டுகிறீர்கள்?

மூடுபனியில் இறங்காமல் இரண்டு முறை மேலேறி, கடைசியில் வேறு நகரத்தில் போய் இறங்கிய அந்த விமானத்தின் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே குவிந்த கருத்துகளையும் படித்திருப்பீர்கள். "முன்னால் போன விமானம் இறங்கியதே, இவருக்கு மட்டும் என்ன வந்தது?" "ஓட்டத் தெரியாதவரை எதற்கு உட்கார வைக்கிறார்கள்?" பேசாமல் கடந்துபோகத்தான் நினைத்தேன். நான் மிகவும் மதிக்கும் நண்பர் ஒருவரே சிரிப்புக் குறி போட்டு அதைப் பகிர்ந்திருந்தார். அதற்குப் பிறகு முடியவில்லை.

மூடுபனியில் ஒரு விமானி செய்யக்கூடிய பெரும்பிழை மேலே ஏறுவது அல்ல. ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் இருப்பதுதான் பெரும்பிழை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஐ.எல்.எஸ். என்னும் கருவி, ஓடுதளத்தின் நேர்க்கோட்டிலும் சரியான சரிவிலும் விமானத்தைக் கொண்டுவந்து விடும். அதன் முதல் வகையில் தரையிலிருந்து 200 அடி வரைதான் அந்தத் துணை. அங்கே 'மினிமம்ஸ்', அதாவது குறைந்தபட்ச உயரம், என்று ஒரு குரல் ஒலிக்கும். அந்தக் கணத்தில் ஓடுதளமோ அதன் விளக்கு வரிசையோ கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை என்றால் கோ அரவுண்ட், அதாவது விசையைக் கூட்டி மேலே ஏறிவிட வேண்டும். விமானம் அப்போது நொடிக்குச் சுமார் 70 மீட்டர் போய்க்கொண்டிருக்கும். பார்வைத் தூரம் 550 மீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எட்டு நொடிப் பயணம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

முன்னால் போனவர் இறங்கினார் என்றால், அந்த விமானத்தில் இன்னும் கீழே வரை துணை வரும் அடுத்த வகைக் கருவி இருந்திருக்கலாம், அந்தக் குழுவுக்கு அதற்கான தகுதி இருந்திருக்கலாம், பனி அந்த ஒரு நிமிடம் விலகியிருக்கலாம். மூடுபனி ஓடுதளம் முழுவதும் ஒரே சீராகப் படுத்திருப்பதில்லை.

ஏறாமல் போனவர்களின் கதை வேண்டுமா? 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டில்லி போன போயிங் 737, புழுதிப் புயலில் ஓடுதளம் தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இறங்கியது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உட்பட 48 பேர் போய்விட்டார்கள். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில், தரைப்பனிக்குள் இறங்கிக்கொண்டே அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது ஒரு குழு. உயரத்தைக் கவனிக்காமல் தரையில் மோதியது. 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேறு பேச்சு கூடாது என்ற விதி 1981இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2001இல் சூரிக்கில், ஓடுதளம் கண்ணில் படாமலே வரம்புக்குக் கீழே இறங்கினார் கேப்டன். துணை விமானி தடுக்கவில்லை. 24 பேர் இறந்தார்கள்.

அந்தத் துணை விமானியை நான் பார்த்திருக்கிறேன். அவரையே அல்ல, அவரைப் போன்றவரை. சிமுலேட்டரில் பயிற்சி தருவது என் தொழில். அனுபவம் மிக்க ஒரு கேப்டனுக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் மூடுபனிப் பாடம் வைத்திருந்தேன். 'மினிமம்ஸ்' ஒலித்தது. முன்னே வெறும் சாம்பல் நிறம். கேப்டன் இறங்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் வாய் திறந்து மூடியது. கை விசைப் பிடியை நோக்கிப் பாதி தூரம் போய் மறுபடி மடிக்கே வந்துவிட்டது. விமானம் ஓடுதளத்துக்கு வெளியே புல்லில் மோதி, திரை சிவந்து நின்றது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சார் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. கேப்டன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பசிபிக் தீவான குவாமில் 1997இல் நடந்த விபத்தும் கிட்டத்தட்ட இதுதான். சரிவு காட்டும் கருவி பழுது என்று முன்னறிவிப்பு இருந்தும், அது வேலை செய்கிறதோ என்ற குழப்பம் கேப்டனுக்கு. காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் உரிய நேரத்தில் உரக்கத் தடுக்கவில்லை. துணை விமானி மேலேறலாம் என்று சொன்னபோது சில நொடிகளே மிச்சம். 228 உயிர்கள்.

"கோ அரவுண்ட் மட்டும் ஆபத்தில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2016இல் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் இரண்டாவது முறை மேலேறும்போதுதான் விமானம் கட்டுப்பாட்டை இழந்து 62 பேர் இறந்தார்கள். இருட்டில் திடீரென்று வேகம் கூடும்போது, விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கியதாக உள்காது பொய் சொல்லும். விமானி மூக்கை அழுத்திவிடுவார். அதைப் பயிற்சியால்தான் சரிசெய்ய வேண்டும். அதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத ஓடுதளத்தில் இறங்கிவிடு என்று சொல்ல வருகிறீர்களா?

"விமானி விமானிக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்றும் எழுதியிருக்கிறார்கள். மேலே நான் பட்டியலிட்டவர்கள் எல்லோரும் விமானிகள்தானே? ஒருவரையாவது காப்பாற்றினேனா? தவறு செய்தவரைத் தவறு செய்தார் என்றே சொல்கிறேன். தவறு செய்யாதவரை ஏன் அடிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

உலக அளவில், வேகமோ இறங்கும் வீதமோ வரம்பை மீறிய இறக்கங்களில் சுமார் 3 சதவீதத்தில் மட்டுமே விமானிகள் விதிப்படி மேலேறுகிறார்கள் என்று விமானப் பாதுகாப்பு அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனின் ஆய்வு சொன்னது. மீதிப் பேர் ஏன் ஏறுவதில்லை? எரிபொருள் கணக்கு, தாமதம், மறுநாள் மேலதிகாரியின் முகம். மேலேறியதற்காக ஒரு நிர்வாகத்தின் அறைக்கு வெளியே காத்திருந்த என் நண்பனின் கையில் விளக்கக் கடிதம் இருந்தது. அடுத்த முறை 200 அடியில் அந்தக் கடிதம் அவன் நினைவுக்கு வராதா? வந்தால், விபத்து அறிக்கையில் அதை யாராவது எழுதுவார்களா? சூரிக் விசாரணையாவது அந்தக் கேப்டனின் பழைய குறைகளை நிறுவனம் கண்டுகொள்ளாததைக் குறிப்பிட்டது. பல நேரங்களில் பொதுமக்களின் பேச்சு 'விமானியின் தவறு' என்பதோடு முடிந்துவிடுகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இப்போது அந்த நிர்வாகத்தின் வேலையை நீங்களே செய்கிறீர்கள். இறங்கியிருந்தால், ஏதாவது ஆகியிருந்தால், இதே விரல்கள்தான் "பொறுப்பில்லாத விமானி" என்று தட்டியிருக்கும். அவர் எதைச் செய்திருந்தாலும் உங்களிடம் தப்பியிருக்க முடியாது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தக் கேப்டனின் படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருப்பவர்கள் அதை நீக்குங்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். நண்பர் நீக்கிவிட்டார். மற்றவர்கள் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள். இன்றிரவுக்குள் நீக்காதவர்களை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.