ஸ்கேன் எடுத்தாலே கேன்சர் வருமா? வராதுங்க

"நுரையீரல் ஸ்கேன் எடுத்தாலே கேன்சர் வரும், கண்டுபிடிச்சாலும் பிழைக்க முடியாது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி பெருந்துறைப் பக்கம் சுற்றுகிறது. முப்பது வருசம் பீடி குடித்த எங்கள் மாமா அதைக் காட்டி, "இருமல்கூட இல்லீங்க மாப்ள, எதுக்கு வம்பு?" என்கிறார்.

இரண்டுமே தப்பு. நுரையீரல் கேன்சரை முன்கூட்டியே கண்டுபிடிக்க எடுப்பது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், சுமார் 1.5 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணும் வானமும் ஒரு வருசத்தில் நமக்குத் தருவது அதைவிட அதிகம். ஆபத்து சுத்தமாக இல்லை என்று சொல்லவில்லை, மிகச் சிறியது. அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2011இல் முடிவு வந்த ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. இருமல் வருகிறவரை காத்திருந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

அதற்காக எல்லாருக்கும் தேவையில்லை, பல வருசம் நிறையப் புகைத்தவர்களுக்குத்தான். தெரிகிற புள்ளிகளில் பெரும்பாலானவை கேன்சரும் இல்லை. பழைய டிபி தழும்பாகக்கூட இருக்கும்.

மாமாவைத் தடுப்பது கதிர்வீச்சு இல்லை என்றுதான் நினைக்கிறேன். "பீடி குடிச்சுக் குடிச்சே வரவழைச்சுக்கிட்டான்" என்று ஊர் பேசுமே, அந்தப் பயம். அப்புறம் செலவு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவார்.