ஸ்டார்ட் பட்டனை யாரைக் கேட்டு நகர்த்தினீர்கள்?

மறுபடியும் அதேதான். இரவு நல்லபடியாக மூடிவிட்டுப் போன கம்பியூட்டரைக் காலையில் திறந்தால் விண்டோஸ் 11 வந்து உட்கார்ந்திருக்கிறது. திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வருகிற அந்த அழைப்பில் கடைப் பையன் எதையோ அழுத்தியிருப்பான். ‘வேண்டாம்’ என்பதை அவ்வளவு சின்ன எழுத்தில் ஓரமாக வைத்தால் அவன் என்ன செய்வான்? ஹட்டனோ தலவாக்கலையோ மஸ்கெலியாவோ பொகவந்தலாவையோ, டவுனில் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிற எல்லோரும் இந்தக் காலையைப் பார்த்தாயிற்று.

முதல் கோபம் அந்த ஸ்டார்ட் பட்டன். 1995இலிருந்து அது கீழே இடது மூலையில் இருந்தது. மூலை என்பது சும்மா வைத்த இடமில்லை. மவுஸை அந்தப் பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம், கைக்குத் தெரியும். இப்போது மைக்ரோசொப்ட்காரர்கள் அதை நடுவில் வைத்திருக்கிறார்கள். நடுவிலாவது ஒரே இடத்தில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு புரோகிராமைத் திறக்கும்போதும் ஐகன் வரிசை நீள, ஸ்டார்ட் இடப்பக்கம் நகர்கிறது. மூடினால் திரும்பி வருகிறது. அடிக்கடி அமுக்குகிற பொத்தானை ஓடவிட்டிருக்கிறார்கள்!

அது இருந்த மூலையில் என்ன வைத்தார்கள்? வானிலை. கை பழக்கத்தில் அங்கே போனால், அமுக்கக்கூட வேண்டாம், மவுஸ் மேலே பட்டாலே பாதித் திரைக்கு ஒரு செய்திப் பலகை விரிகிறது. அத்தனை படமும் நம்முடைய டேட்டாவில் இறங்குகிறது. நுவரெலியாவில் மழையா என்று பார்க்க ஜன்னல் போதும். இதை நிறுத்த, செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் டாஸ்க்பார், அதாவது கீழே ஐகன் வரிசை நிற்கிற பட்டை. அங்கே விட்ஜெட்ஸை ஓப் பண்ணுங்கள். அதே பக்கத்தின் கடைசியில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸைத் திறந்து, அலைன்மென்டை லெப்ட் ஆக்குங்கள். ஸ்டார்ட் மூலைக்கு வந்துவிடும். ஆனால் டாஸ்க்பாரையே மேலேயோ பக்கவாட்டிலோ கொண்டுபோய் வைக்கிற வசதியை 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோதே பிடுங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ரைட் கிளிக்.

காலையில் கடைக் கவுன்டர் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே? தோட்டத்திலிருந்து அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு அக்கா வந்து நிற்பார். மகளின் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பின்னால் போட்டோக்கொப்பிக்கு நாலு பேர், ரீலோடுக்கு ரெண்டு பேர். பழைய விண்டோஸில் இது ஒரு வேலையே இல்லை. பைலில் ரைட் கிளிக், சென்ட் டு, பென்டிரைவ். முடிந்தது, அடுத்த ஆள்.

இப்போது ரைட் கிளிக் செய்தால் வழவழவென்று ஒரு மெனு வருகிறது. அதில் சென்ட் டு இல்லை. மேலிருந்து கீழே தேட வேண்டும், கீழிருந்து மேலே தேட வேண்டும், இல்லை. சரி, கொப்பி பண்ணி பேஸ்ட் பண்ணலாம் என்றால், 2024க்கு முந்திய விண்டோஸ் 11இல் கொப்பி என்ற எழுத்தும் இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள். கத்தரிக்கோல் தெரிகிறது, கட் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ரெண்டு தாள் ஒன்றன்மேல் ஒன்று, அது கொப்பியா பேஸ்டா? ரீநேம் எது, ஷெயார் எது? “தம்பி, ஒம்பது மணி பஸ்ஸு போயிரும்ப்பா” என்று அக்கா சொல்கிறார். ஒவ்வொரு படத்தின் மேலும் மவுஸை நிறுத்தி, பெயர் எழும்பும்வரை காத்திருந்து, ஒருவழியாகக் கொப்பி எதுவென்று கண்டுபிடிக்கிறீர்கள். அடுத்த பைல் திரையின் அடியில் இருக்கிறது. அதில் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பட வரிசை மெனுவின் மேலே இல்லை, கீழே போய்விட்டது! மவுஸுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று இடம் மாறுகிறதாம். கை எதைத்தான் பழகுவது? கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து கழற்றி ஒரு நாள் நெஞ்சிலும் மறுநாள் இடுப்பிலும் கட்டிவிட்டு, அதே இருபது கிலோவை எடு என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

கடைசியில் மெனுவின் அடியில் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ என்று ஒரு வரி. அதை அமுக்கினால் பழைய மெனு அப்படியே, ஒன்றும் குறையாமல் வருகிறது. சென்ட் டுவும் அங்கேதான் இருக்கிறது. அதாவது பழையதை எடுக்கவில்லை, அதன் முன்னால் ஒரு கதவைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கண்ட மென்பொருளும் தன் பெயரைச் சேர்த்துச் சேர்த்துப் பழைய மெனு நீண்டுவிட்டது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நீண்டது உண்மைதான். அதற்கு வேண்டாததை எடுக்கிற வசதியைத் தர வேண்டும், வேண்டியதை ஒளித்து வைக்கக் கூடாது. அந்தப் படங்களுக்குக் கீழே கட், கொப்பி என்று எழுத்துப் போடுவதற்கு 2024இன் 24எச்2 என்கிற அப்டேட் வரை எடுத்தார்கள். மூன்று வருடம்!

ஷிப்ட் விசையை அமுக்கிக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், நேராகப் பழைய மெனுவே வரும். பைலைத் தெரிவுசெய்துவிட்டு ஷிப்டோடு எப்10 அமுக்கினாலும் வரும். இதைத் தாளில் எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து நிரந்தரமாக மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாற்றம் ஒரு யூசருக்கு மட்டும்தான். கடையில் ரெண்டு யூசர் இருந்தால் ரெண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதே மாதிரி இன்னொன்று. வேர்டில் ஆறு பேரின் கடிதம் திறந்திருக்கும். முன்பு கீழே ஆறு பட்டனிலும் பெயர் தெரியும். இவர்கள் ஆறையும் ஒரே ஐகனாக மடக்கி, பெயரையும் மறைத்துவிட்டார்கள். அவசரத்தில் ஒருவரின் வேலை விண்ணப்பம் இன்னொருவரின் கையில் பிரிண்டாகிப் போகிறது. 2023இன் கடைசியில்தான் அந்த வசதியைத் திருப்பித் தந்தார்கள். டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் ‘கம்பைன்’ என்று தொடங்குகிற வரியை ‘நெவர்’ ஆக்குங்கள்.

அடுத்தது கணக்கு. புது லெப்டொப்பைத் திறந்தால் இன்டர்நெட் கேட்கிறது, மைக்ரோசொப்ட் கணக்கு கேட்கிறது. சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி வருகிற தோட்டங்களில் இதை எப்படி முடிப்பது? அதனால் லெப்டொப் கடைக்கு வருகிறது. அவசரத்துக்கு ஒரு ஈமெயிலை உண்டாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்ட் போட்டு முடித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டை யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்குள் மைக்ரோசொப்டின் ஒன்லைன் சேமிப்பிடமான வன்டிரைவ் டெஸ்க்டொப்பையும் டொக்யுமென்ட்ஸையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இலவச இடம் 5 ஜிபி. கல்யாணப் படம் ஒரு போல்டர் போதும், நிரம்பிவிட்டது, காசு கட்டு என்று கத்தத் தொடங்கும். பயந்துபோய் பேக்கப்பை நிறுத்தினால் டெஸ்க்டொப் வெறுமையாக நிற்கிறது. பைல் அழிந்துவிட்டதென்று பிள்ளைகள் அழுகிறார்கள். அழியவில்லை. வன்டிரைவ் போல்டருக்குள் இருக்கிற டெஸ்க்டொப் போல்டரில் பாருங்கள், வெட்டி எடுத்து இந்தப் பக்கம் போடுங்கள்.

இதைவிட மோசமானது, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. 24எச்2வைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால், அதற்குரிய வசதியுள்ள மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்பிலும்தான். திறக்கிற 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் இருக்கிறது. எந்தக் கணக்கு? பாஸ்வேர்ட் மறந்த அதே கணக்கு! மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போய் மதர்போர்ட் அடிபட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு உள்ளதை மீட்பது நம் ஊர் வழக்கம். இனி அது நடக்காது. சாவி இல்லாவிட்டால் பிள்ளையின் ஓஎல் பிரொஜெக்டும் போச்சு, செத்துப்போன தாத்தாவின் படமும் போச்சு. வாங்குகிற மனிதரிடம் இதைப் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஓன் ஆக இருந்தால் சாவியைக் கணக்கிலிருந்து எடுத்துக் கொப்பியில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஓப் பண்ணுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பும், பயோஸ் அப்டேட் செய்யும் முன்பும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

பழையதிலேயே இருந்துவிட்டுப் போகிறோம் என்றாலும் விடுகிறார்களா? 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். மலையகத்துப் பிள்ளைகளின் கைகளில் இருப்பது செகண்ட்ஹேண்டாக வந்த ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5. எஸ்எஸ்டி போட்டால் பறக்கிற மெஷின்கள்! இன்னும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் 30 டொலராம். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் வர்த்தமானியில் போட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு 30 டொலர் என்றால் ஒரு வாரம் கொழுந்தெடுக்க வேண்டும். செட்டிங்ஸை அவர்களின் கணக்கில் பேக்கப் செய்தால் காசில்லாமல் தருகிறார்கள். அங்கேயும் அதே கணக்கு.

தெரியாமல் மாறிவிட்டவர்கள் பத்து நாளைக்குள் என்றால் திரும்பிப் போகலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி, அங்கே ‘கோ பேக்’. டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் போல்டரை அழித்திருந்தால் அந்த வழியும் அடைபடும். அப்டேட் மாதாமாதம் டேட்டாவை விழுங்காமல் இருக்க வைஃபை புரொபர்ட்டீஸில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ ஓன் பண்ணுங்கள்.

எழுத்துருவும் அப்படித்தான். லதாவில் அடித்த கடிதத்தைப் புது மெஷினில் திறந்தால் லதா இல்லை, நிர்மலா வந்து நிற்கிறது, வரிகள் இடம் மாறிக் கடிதத்தின் அமைப்பே கலைகிறது. ஒப்ஷனல் பீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்’ இறக்கினால் சரியாகும். அதற்கும் டேட்டா.

எழுத்துரு என்றதும்தான் ஆத்திரம் இன்னும் ஏறுகிறது. பாமினி என்கிற பழைய எழுத்துருவில் படிவம் அனுப்புகிற அலுவலகங்களே, உங்களை என்ன செய்வது? எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யுனிகோட் வந்து எத்தனை காலம்? பாமினி இல்லாத மெஷினில் தமிழ் என்கிற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கிறது. கிராம சேவகருக்குக் கொடுக்க வேண்டிய தாளை அந்தக் கோலத்தில் எப்படி நிரப்புவது? அடித்தவர் வேர்டில் ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப் என்று கொடுத்திருந்தால் எழுத்து அதற்குள்ளேயே பதிந்து வந்திருக்கும். அரை நிமிட வேலை. அதைச் செய்யாததால் இங்கே ஒவ்வொரு கடையும் அந்தப் படிவத்தை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது.