பின் கதவைத் திறக்காமலேயே ஒரு ரிவ்யூ

கார் ரிவ்யூ பண்ற தம்பி ஒருத்தர் போட்ட வீடியோவைப் பத்தித்தான் பேசுறேன். நேத்து காலையில இருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. போதும் சாமி, பார்த்துட்டேன்.

வண்டி, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின். தம்பி பூஜ்யத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மூணு தடவை போய்க் காட்டினார். பொட்டல்ல புழுதி பறக்க ஒரு வட்டம் அடிச்சார். ஸ்கிரீனைத் தடவித் தடவி நாலு நிமிஷம். பின் கதவை மட்டும் ஒரு தடவை கூடத் திறக்கல.

சாதா 3 சீரிஸோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம், 2851 எம்எம். இதுக்கு 2961. அந்த 110 எம்எம் பின்னாடி உட்கார்றவங்களுக்காக நீட்டினது. காசு கொடுக்கிற ஆளே பின் சீட்டுல உட்கார்ற சீனாவை மனசுல வச்சுப் பண்ண வண்டி. 2021 ஜனவரியில இங்க வந்துச்சு, சென்னைக்குப் பக்கத்துல நம்ம மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஃபேக்டரியிலதான் அசெம்பிள் பண்றாங்க. இதுக்குப் பின் சீட்டைப் பார்க்காம ரிவ்யூ போடுறது, பிரியாணிக்கடைக்குப் போய் தயிர்ப்பச்சடியை மட்டும் நக்கிட்டு மார்க் போடுற கதை.

இதைத்தான் கமென்ட்ல எழுதினேன். மரியாதையாத்தான் எழுதினேன். தம்பி அதை எல்லா கமென்ட்டுக்கும் மேல தெரியுற மாதிரி பின் பண்ணி வச்சு, "அங்கிள், 110 எம்எம்லாம் ஒரு மேட்டரா? உங்களுக்கு இன்னோவா போதும்"னு பதில். கீழ வரிசையா சிரிப்பு பொம்மை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஜிக், ஃபிக்ஸ்சர், அதாவது மெஷின்ல பீஸை அசையாம பிடிச்சு வைக்கிற சாமான், பண்ற பட்டறை வச்சிருக்கேன். 0.02 எம்எம் தப்புனா பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்துடும், அதுக்காக ராத்திரி பத்து மணிக்கு ஃபோன்ல சண்டை போடுறவன். என்கிட்ட வந்து 110 எம்எம் ஒரு மேட்டரான்னு கேட்டா? அரை ஜாண் தம்பி அது.

அந்த அரை ஜாண் என்ன பண்ணும்னு சொல்றேன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது. பழைய கார்ல ஏறணும்னா முதல்ல உட்காரணும், அப்புறம் ரெண்டு கையாலயும் வலது காலைத் தூக்கி உள்ள வைக்கணும், கதவு ஓரத்துல பாதம் இடிக்கும், "ஒண்ணுமில்லடா"ன்னு சொல்லிட்டு உதட்டைக் கடிச்சுக்குவாங்க. இப்ப நான் வச்சிருக்கிற கிரான் லிமோசின்ல பின் கதவு நீளம். காலை அப்படியே திருப்பி உள்ள வச்சாங்க. முட்டிக்கு முன்னாடி இடம் மிச்சம் இருந்துச்சு. வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கிற மஞ்சப்பையை அதுல வச்சுட்டு, "ஏண்டா, காலை நீட்ட முடியுதேடா"ன்னாங்க. நான் காரை எடுத்தது அந்த வார்த்தைக்காக. பூஜ்யத்துல இருந்து நூறுக்காக இல்ல.

"இது ஓட்டுறவனுக்கான கார்"னு வருவீங்க. தெரியும். என்னோடது 320எல்டி டீசல், 190 குதிரைத்திறன், 400 என்எம் இழுவிசை, கம்பெனி கணக்குப்படி நூறைத் தொட 7.6 வினாடி. பெட்ரோல் 330எல்ஐ-ல 6.2. சிங்கப்பெருமாள் கோவில் நெரிசல்ல ரெண்டுமே ஒண்ணுதான். எனக்கும் ஓட்டத் தெரியும், திண்டிவனம் தாண்டி விடியக்காலையில அந்த ஸ்டீயரிங் கையில பேசும்போது ஐம்பத்திரண்டு வயசு மறந்துதான் போகுது. ஆனா வேகம்தான் வேணும்னா அதே ஃபேக்டரியில 3 சீரிஸோட வேக ரகம் எம்340ஐ இருக்கே. ஆறு சிலிண்டர், 4.4 வினாடி, நீட்டாத வீல்பேஸ். அதை எடுத்து புழுதி கிளப்புங்க, யார் வேணாம்னா?

குறையே இல்லையான்னா, இருக்கு. வண்டி தாழ்வு. இறங்கும்போது அம்மாவுக்கு என் கை வேணும். பின் வீல் டிரைவ்ங்கிறதால தரை நடுவுல மேடு ஓடும், நடுவுல உட்கார்றவன் பாடு திண்டாட்டம். ஃபேஸ்லிஃப்ட்ல, அதாவது அதே வண்டியைக் கொஞ்சம் மாத்தி விட்ட புது வெர்ஷன்ல, ஏசி பட்டனை எடுத்துட்டு எல்லாத்தையும் 14.9 இன்ச் ஸ்கிரீனுக்குள்ள போட்டதை நான் ஏத்துக்கவே மாட்டேன். பள்ளத்துல பென்ஸ் சி கிளாஸ் இன்னும் மெத்துன்னு போகும்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். இருக்கட்டும். அதோட வீல்பேஸ் 2865. கழிச்சுப் பார்த்துக்குங்க.

"பிஎம்டபிள்யூ வச்சிருக்கிறவன் அழுகையெல்லாம் ஒரு அழுகையா"ன்னு ஒருத்தர். செகண்ட் ஹேண்ட் வண்டி சார், இன்னும் 31 மாசம் இஎம்ஐ பாக்கி. பேங்க் மெசேஜைப் போட்டோ எடுத்துப் போடவா?

அப்புறம் அந்த "அங்கிள்". தப்பான வார்த்தை இல்லதான். என் பையன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் கூப்பிடுறாங்க, வலிச்சதில்ல. இது ஓரமா போங்கறதுக்குச் சொன்ன அங்கிள். நம்ம ஊர்ல கார் ரிவ்யூன்னாலே ஸ்டீயரிங் பிடிச்சவன் பேச்சுதான். பின்னாடி அம்மா, பொண்டாட்டி, குமட்டிக்கிட்டு வர்ற குழந்தை யாரையும் எவனும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டதில்ல. நானும் இருபது வருஷம் கேட்டதில்ல. அம்மா உதட்டைக் கடிச்சதைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டிட்டு இருந்திருக்கேன்.

தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவைத் திருவண்ணாமலை கூட்டிட்டுப் போறேன். நிஜமாவே கூப்பிடுறேன், வாங்க. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி. மஞ்சப்பை அம்மா கால்கிட்ட இருக்கும், அதை மட்டும் நகர்த்திடாதீங்க.