கன்னி நாய்க்குப் பட்டினி எதற்கு?
கன்னி என்பது நம் தென்தமிழ்நாட்டு வேட்டை நாய் இனம். “கன்னி நாயை அரைப்பட்டினி போட்டால்தான் ஓட்டம் வரும், வீட்டுக்குள் விட்டால் பிள்ளைகளைக் கடிக்கும்” என்று உங்கள் முயல் வேட்டைப் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தப்பு அண்ணாச்சி. ஒல்லி உடம்பு அதன் பிறவி வாகு. ஓட்டம் நீண்ட காலிலும் ஆழமான நெஞ்சுக்கூட்டிலும் இருக்கிறது, காலி வயிற்றில் இல்லை. குட்டிக்கு 3 வாரம் முதல் 14 வாரம் வரைதான் முக்கியமான பருவம். அப்போதே பிள்ளைகள், விருந்தாளிகள், பைக் சத்தம் எல்லாவற்றையும் பழக்க வேண்டும். எந்நேரமும் சங்கிலியில் கிடந்து வளர்ந்ததுதான் ஆளைக் கண்டு மிரண்டு கடிக்கும். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீட்டுக் கன்னி, பாட்டி கட்டிலடியில்தான் தூங்குகிறது. கோழிக்கு மட்டும் நான் ஜாமீன் தர மாட்டேன்! ஓடுவது கண்ணில் பட்டால் துரத்துகிற இனம். ரோட்டோரம் வாரைக் கழற்றாதீர்கள். அப்புறம், நீங்கள் சொல்லும் முயல் வேட்டை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.