சாப்பாடு கொடுத்தது போதும், அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்

பிறந்தநாள், திவசம், மகளின் ஓ.எல். ரிசல்ட், எதுவானாலும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பகல் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து போட்டோ பிடித்து இங்கே போடும் பழக்கம் இப்போது மலையகத்திலும் நன்றாகவே பரவிவிட்டது. அதைக் குறை சொல்ல வரவில்லை. பல இல்லங்கள் அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் மாதத்தை ஓட்டுகின்றன. (பல்லே இல்லாத ஆட்களுக்கு பிரைட் ரைசும் கோழிப் பொரியலும் கொடுக்கிற கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அடுத்த முறை போகும்போது பொறுப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பராமரிப்புத் திட்டம் எழுதி வச்சிருக்கீங்களா? கொஞ்சம் காட்டுங்க."

பெரும்பாலும் ஒரு கொப்பி வரும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, சொந்தக்காரரின் போன் நம்பர், பிரஷர், சுகர், குளிசைகளின் பெயர், சில இடங்களில் மாத நிறை. தோட்டத்து செக்ரோல் மாதிரி: ஆள் வந்தாச்சா, எத்தனை கிலோ, பேரு விழுந்தாச்சா, முடிந்தது கதை. அந்த ஆள் யார் என்று அதில் ஒரு வரி இருக்காது.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஹட்டன் பக்கம் ஓர் இல்லத்துக்கு உதவிக்குப் போய் வருகிறேன். இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே வருகிறவர்கள் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆகவே, "இது எங்க பெரியம்மாதானே" என்று யாரும் இன்பொக்ஸுக்கு வர வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோருக்கான தேசிய சபை அதன் கீழ் வந்ததுதான். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. நல்லது. ஆனால் சட்டம் வாசல் வரைக்கும்தான் கூட வரும். உள்ளே காலை எத்தனை மணிக்கு யாரை எழுப்பிக் குளிப்பாட்டுவது, யார் யாருடைய உடுப்பைப் போடுவது என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களின் வசதிப்படிதான் நடக்கும்.

இங்கிலாந்தில் பிராட்போர்டில் இருந்த டொம் கிட்வுட் என்பவர் 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மறதி நோய் வந்தவர் நலிந்து போவதற்கு மூளை மட்டும் காரணமில்லை, சுற்றியிருப்பவர்கள் நடத்துகிற விதமும் காரணம் என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத நல்ல பிள்ளைகள்கூட அவசரப்படுத்துவார்கள், குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள், ஏமாற்றி மருந்து கொடுப்பார்கள், ஆளை முன்னால் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி இன்னொருவரிடம் கதைப்பார்கள். நம்முடைய எந்த இல்லத்திலும் அரை நாள் உட்கார்ந்தால் இது அத்தனையும் பார்க்கலாம். அவர் போன்றவர்களின் யோசனையிலிருந்து வந்ததுதான் ஆளை மையமாக வைத்த பராமரிப்பு. நோய்க்கு ஏற்றபடி மட்டும் திட்டம் போடாமல் ஆளுக்கு ஏற்றபடி போடு, அவரிடம் கேட்டுப் போடு.

எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் "கேட்டுப் போடு" என்கிற இடத்தில்தான் நம் மலைகளில் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் கேட்டால் நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். "அம்மாயி, உங்களுக்கு என்ன பிடிக்கும்? எத்தன மணிக்கு குளிக்கணும்?" என்று படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டால், "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி மிஸ்ஸி" என்றுதான் வரும். அதை அப்படியே "விசேட விருப்பம் எதுவும் இல்லை" என்று எழுதி மூடிவிடுகிறோம். அவர்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. விருப்பத்தைச் சொல்லிப் பழக்கம் இல்லை. எந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து என்று பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கங்காணி சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு (வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகிற இடம்) எப்போது போகலாம் என்பதற்கும் நேரம் இருந்தது. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது கேட்கவில்லை. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தபோதும் கேட்கவில்லை. அப்படி வாழ்ந்த ஒருத்தியிடம் எண்பது வயதில் போய் முதல் முறையாக "உங்க விருப்பம் என்ன?" என்றால், இதில் ஏதோ வினை இருக்கிறது என்றுதான் அவள் நினைப்பாள்.

அதனால் என் கருத்து இதுதான். நம் இல்லங்களில் இந்தத் திட்டத்தை மேசையில் இருக்கிறவர் எழுதக் கூடாது. குளிப்பாட்டுகிற, ஊட்டுகிற, மலம் துடைக்கிற அந்தப் பிள்ளை சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும். அதுவும் ஒரே நாளில் முடியாது. ஆள் வந்து சில வாரம் பார்த்துப் பார்த்து, அடித்துத் திருத்தி எழுத வேண்டும்.

ஓர் அம்மாயி இருந்தார். கொழுந்தெடுத்தே காலம் போனவர். கோப்பில் "சாப்பிட மறுக்கிறார், ஒத்துழைப்பு இல்லை" என்று இருந்தது. நிறை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு மாதத்தில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் நிறை தானாகக் குறைந்தால் அதைச் சும்மா விடக்கூடாது. கிளினிக்குக்குக் கொண்டுபோய் டெஸ்ட் எல்லாம் எடுத்தோம். புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் அங்கே வேலை செய்கிற பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்: "மிஸ், தேத்தண்ணி கோப்பைய வாங்குறப்ப அம்மாயி மத்த கைய விரிச்சிக்கிட்டே இருக்கு பாருங்க."

இடது உள்ளங்கை. சீனிக்காக. ஆயுள் பூராவும் சாயத் தண்ணியை அப்படிக் குடித்தவர், உள்ளங்கையில் சீனி, ஒரு நக்கு, ஒரு மடக்கு. சுகர் இருக்கிறதென்று சேர்ந்த அன்றே சீனியை நிறுத்தியிருக்கிறார்கள். காலை ரொட்டியையும் நிறுத்திப் பாண் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் விரித்திருக்கிறார்.

வைத்தியரிடம் போனோம். இந்த அளவு நலிந்த எண்பது வயதுக்காரருக்குச் சீனி அளவை இளம் ஆள்போல இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்பது இப்போது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். இவர்களுக்குச் சீனி கூடுவதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் ஆபத்து. வியர்த்து, தடுமாறி, விழுந்துவிடுவார்கள். சாப்பிடாத ஆளுக்குச் சீனியை இறக்குகிற குளிசையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதைக் கவனியுங்கள். வைத்தியர் குளிசையைக் குறைத்தார், கொஞ்சம் சீனிக்கும் சம்மதித்தார். (வாசிக்கிறவர்கள் வீட்டில் நீங்களாகக் குறைத்து வைக்காதீர்கள்.) இப்போது அவருடைய பக்கத்தில் அந்தப் பிள்ளை சொன்னபடியே எழுதியிருக்கிறது: "காலையில் ரொட்டி, மெல்லியதாக, தேத்தண்ணியில் தோய்த்து. சீனி அரைத் தேக்கரண்டி, இடது உள்ளங்கையில். கோப்பையில் போட்டுக் கலக்கக் கூடாது." நிறை கூடவில்லை. இறங்குவது நின்றது. இந்த வயதில் அதுவே பெரிய காரியம்.

இன்னொருவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மறதி நோய். விடிவதற்கு முன் எழும்பி "கத்தியக் காணோம், பிரட்டுக்கு நேரமாச்சு" என்று கேட் வரைக்கும் போய்விடுவார். அதற்கு இல்லம் கண்ட மருந்து பிரிட்டோன். ஒவ்வாமைக் குளிசையைத் தூக்கத்துக்குக் கொடுப்பது நம் ஊர் முழுக்க உள்ள கெட்ட பழக்கம். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கல் தரும், நிதானத்தைக் குலைக்கும். அவர் ஒருநாள் பாத்ரூம் வாசலில் விழுந்தார். இடுப்பு தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். யோசித்துப் பாருங்கள், இரவு ஏழு மணிக்குப் படுக்க வைத்தால் நாலரைக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்? இப்போது ஒன்பதுக்குத்தான் படுக்கிறார். எழும்பினால் ஜெர்சி, சப்பாத்து, ஒரு தேத்தண்ணி, குசினிக்குப் பின்னால் விறகு அடுக்குகிற வேலை. ஆறரைக்கு அவரே உள்ளே வந்துவிடுவார். பிரிட்டோன் இல்லை.

கூந்தல் விஷயம் எனக்கு ஆறவே ஆறாது. பேனுக்குப் பயந்து, அல்லது சீவி விடச் சோம்பல் பட்டு, வந்த கையோடு பொம்பிளைகளுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. சேலையைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவருக்கு யாரோ கொடுத்த நைட்டி. அதுவும் பொது அலுமாரியிலிருந்து, இன்றைக்கு இவருக்கு நாளைக்கு வேறொருவருக்கு. நுவரெலியா பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற குளிரில், இரவு ஷிப்ட் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காக விடியற்காலை ஐந்துக்குக் குளிப்பாட்டல். "ஆள் பத்தாது மிஸ்" என்பார்கள். ஆள் பற்றாது என்பது உண்மை, இரவில் ஒருத்தி தனியாக ஒரு மண்டபத்தையே பார்க்கிற கொடுமையும் உண்மை. அதற்கு ஆளும் சம்பளமும்தான் பதில், திட்டம் எழுதித் தீராது. ஆனால் குளியலைப் பத்து மணிக்கு மாற்றவும் உடுப்பில் பெயர் தைக்கவும் என்ன காசு கேட்கிறது?

இதெல்லாம் மனம் குளிரச் செய்கிற காரியம், மருத்துவம் வேறு என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நலிந்த உடம்பு என்றால் என்ன? 2001இல் அமெரிக்காவில் லிண்டா ஃபிரீட் என்பவரின் குழு ஐந்து அறிகுறி சொன்னது: காரணமில்லாமல் நிறை குறைவது, எப்போதும் களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இதில் மூன்று இருந்தால் நலிவு. இப்படிப்பட்டவருக்கு ஒரு சின்னச் சிறுநீர்த் தொற்று வந்தால் பல நேரம் காய்ச்சல்கூடக் காட்டாது. முதலில் ஆள் மாறும். சத்தம் போடுகிறவர் குழம்பிப் போனால் எல்லாருக்கும் தெரியும். பேசாமல் சுருண்டு கிடக்கிறவரை "இன்னைக்கு தொந்தரவு இல்ல" என்று விட்டுவிடுவோம். "நேத்து வரைக்கும் என்னத் திட்டிக்கிட்டே சாப்பிட்ட ஆளு, இன்னைக்குத் திட்டல மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தெர்மாமீட்டருக்கு முன்பே அவள் நோயைப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று எழுதி வைக்காத இடத்தில் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். எந்தப் பக்கம் படுத்தால் பழைய இடுப்பு வலி வரும் என்று குறித்து வைக்காவிட்டால், திருப்பிவிட்ட ஆள் அரை மணியில் பழையபடி புரண்டிருப்பார்.

அதனால் அந்தப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியாகிவிட்டது. கிளினிக் கொப்பி ஆங்கிலத்திலும் இல்லத்துக் கோப்பு சிங்களத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஊட்டுகிறவளும் உண்கிறவரும் தமிழ் என்றால், ஊட்டுகிற விதம் அவள் வாசிக்கிற மொழியில்தானே இருக்க வேண்டும்? சிங்களப் பிள்ளை வேலை செய்தால் அவளுக்கும் ஒரு பிரதி. அவளுக்கு "வலிக்குது", "ஒன்னுக்கு வருது", "குளுருது" என்று பத்துச் சொல் தமிழில் கற்றுக்கொடுங்கள். மறதி நோய் முற்றினால் பலருக்குப் பிறகு படித்த மொழி முதலில் போய்விடும், தாய்மொழிதான் அதிக நாள் நிற்கும்.

கடைசியில் எல்லாரும் தவிர்க்கிற கேள்வி, சாவு. மூச்சுத் திணறினால் நடு இரவில் வேன் பிடித்துக் கண்டி வரைக்கும் கொண்டு போவதா, இங்கேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதா? முழுங்க முடியாமல் போனால் என்ன? மறதி நோய் முற்றியவருக்கு மூக்கில் குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவம் சொல்கிறது. எங்கே அடக்கம்? புருஷன் கிடக்கிற தோட்டத்து மயானமா? மரண உதவிச் சங்கத்தில் பெயர் இன்னும் இருக்கிறதா, சந்தா கட்டாமல் வெட்டிவிட்டார்களா? இதைக் கேட்பது அபசகுனம் என்பார்கள் பிள்ளைகள். பெரியவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. குளிக்கும் மணியைச் சொல்லாத அதே அம்மாயி, எந்தச் சேலையைக் கட்டிவிட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வார்.

ஒரு மாதிரிப் பக்கம் தமிழில் தயார் பண்ணி வைத்திருக்கிறேன், முன்னும் பின்னும் ஒரே தாள். இல்லம் நடத்துகிறவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன், காசு வேண்டாம். யார் நிரப்பப் போகிறார்கள் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று ஆபீஸில் உட்கார்ந்து ஒரே பின்னேரத்தில் எல்லாருக்கும் நிரப்பி வைக்கத்தான் என்றால், தயவுசெய்து கேட்காதீர்கள்.