சியாட்டிகா வலிக்கு ஒரு மாதப் படுக்கை தேவையா?

'இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சியாட்டிகா வந்தால் ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, நடந்தால் நரம்பு அறுந்துவிடும்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பெரும்பாலும் முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் வரும் வலி இது. நடப்பதால் நரம்பு அறுந்துபோகாது. படுத்தே கிடந்தால் தசைதான் தளரும். தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள், நெடுநேரம் உட்காராதீர்கள். பலருக்கும் 4 முதல் 6 வாரங்களில் குறைந்துவிடும், சிலருக்கு இன்னும் நாளாகும். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இணையதளத்தின் சியாட்டிகா பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

ஆனால் இரு கால்களும் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்தச் செய்தியை நம்பிப் படுத்திருப்பவர் இதைத்தான் தவறவிடுவார். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.