பெந்தெகொஸ்தே நாள் அப்போஸ்தலர் காலத்தில் தோன்றியதா?

இயேசுவின் சீடர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய அன்றே பெந்தெகொஸ்தே பண்டிகை முதன்முதலாகத் தோன்றியது என்றும், அதற்கு முன் அப்படியொரு நாளே இருந்ததில்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புகூர்ந்து ஒரு திருத்தம்: அது யூதர்கள் ஏற்கெனவே ஆசரித்துவந்த வாரங்களின் பண்டிகை, எபிரெயத்தில் ஷாவுவோத். ஐம்பதாவது நாள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரே பெந்தெகொஸ்தே.

சரிபார்க்க வேதாகமம் ஒன்றே போதும். லேவியராகமம் 23:15-17, அறுப்பின் முதல் கதிர்க்கட்டைக் காணிக்கையாகக் கர்த்தருக்கு முன் அசைவாட்டிய நாளுக்குப் பின் ஏழு வாரங்களை எண்ணி, ஐம்பதாம் நாளில் புளிப்பாகச் செய்த இரண்டு அப்பங்களைக் கொண்டுவரச் சொல்கிறது. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும், புளிப்பில்லாத அப்பம் புசிக்கும் பஸ்காவை அடுத்து வரும் இந்தப் பண்டிகையில் புளித்த அப்பம் படைக்கப்படுவது என்னை எப்போதும் நின்று வாசிக்க வைக்கும் இடம். யாத்திராகமம் 34:22 இதைக் கோதுமை அறுப்பின் முதற்பலனோடு இணைக்கிறது.

பின்பு அப்போஸ்தலர் 2:1-ஐ நிதானமாக வாசியுங்கள்: "பெந்தெகொஸ்தே என்னும் நாள் வந்தபோது" என்றே அது தொடங்குகிறது; வந்தது அவர்கள் அறிந்திருந்த நாள். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் எனப் பல தேசங்களிலிருந்து வந்த யூதர்கள் எருசலேமில் அன்று இருந்ததை 5 முதல் 11 வரையுள்ள வசனங்களில் காணலாம்.